எங்கட ஓம், அவங்கட ஓம்

அந்தக் கார்க் கண்காட்சிக்கு நான் கார் பார்க்கப் போகேல்லை. என்ட பேரைப் பார்க்கப் போனனான். இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் கதையைக் கேட்ட எல்லாரும் "உனக்கென்னத்துக்கடி கார் விசர்?" எண்டுதான் கேட்டவை. எனக்குக் காரும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. லைசென்ஸ்கூட இல்லை. எனக்குத் தெரிஞ்சது சீற்.

மொன்றியலில கோட் தைக்கிற பக்டரியள் ஒண்டொண்டாப் பூட்டுப்பட்ட காலம் அது. நான் பதினொரு வருசம் கொலர் தைச்ச பக்டரியும் ஒரு வெள்ளிக்கிழமையோட பூட்டுப்பட்டுது. அதுக்குப் பிறகு வில்லரேயில ஒரு குசன் கடையில வேலை கிடைச்சது. றெஸ்ரோரன்ட் கதிரையள், பல்லு டொக்டரின்ட சாய்கதிரை, இடைக்கிடை கார் சீற். கார் சீற்றெல்லாம் அங்க கனகாலம் இருந்த ஒரு இத்தாலிக்காரக் கிழவர் மட்டும்தான் தைப்பார். எனக்குப் பழைய கதிரையளின்ட ஆணி கழட்டுற வேலையும் கூட்டுற வேலையும். கொலர் தைச்ச கைக்குக் குறடு தந்தாங்கள். பல்லைக் கடிச்சுக்கொண்டு செய்தன்.

கடைப் பொஸ் ஒரு கியூபெக்காரன். நல்ல வண்டி வயிறு, அதுக்குமேல நல்ல சிரிப்பு. அவனுக்கு ஒரு பழைய கார் இருந்தது, ஐம்பதாம் ஆண்டுப் பக்கத்துக் கார். அதைக் கடைக்குப் பின்னால வைச்சு வெட்டி ஒட்டி, கூரையைப் பதிச்சு, பெயின்ட் அடிச்சு, வருசக்கணக்கா மெனக்கெட்டுக்கொண்டிருந்தான். வசந்தம் தொடங்கேக்க டவுன்டவுனுக்குக் கிட்ட ஒரு பெரிய மண்டபத்தில இப்பிடிப்பட்ட பழைய கார்களுக்குக் கண்காட்சி வைப்பினம். அதில விடப்போறன் எண்டு நிண்டான். உள் வேலை மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்து இத்தாலிக் கிழவருக்குத் தோள்மூட்டில ஒப்பரேசன். பொஸ் தலையில கை வைச்சுக்கொண்டு, வெளியில ஆரிட்டையும் குடுக்கப்போறன் எண்டான்.

"நான் தைக்கிறன்" எண்டன்.

சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ள கிடக்கு. கழிவுப் பெட்டியில கிடந்த றெக்சின் துண்டொண்டை எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில தைச்சுக் கொண்டுபோய் அவன்ட மேசையில வைச்சன். சிரிப்பு நிண்டுட்டுது.

அந்தக் காலத்துக் கார் சீற்றை இப்ப மாதிரித் தைக்கிறேல்லை. ஒரு அங்குல அகலத்தில குழல் குழலா மடிச்சுத் தைச்சு, ஒவ்வொரு குழலுக்குள்ளயும் தகடு வைச்சுப் பஞ்சு தள்ளவேணும். தள்ளின பஞ்சு கூடினால் குழல் வீங்கும், குறைஞ்சால் சுருங்கும். அதுக்குமேல றெக்சின் இரக்கமில்லாத சாமான். துணியெண்டால் பிழைச்சாப் பிரிச்சுத் திருப்பித் தைக்கலாம். றெக்சினில ஊசி போன ஓட்டை போனதுதான், மறையாது. அந்தச் சிவப்பும் வெண்ணெய் நிறமும் சேர்ந்த சீற்றை நான் குளிர்காலம் முழுக்கத் தைச்சன். முன் சீற்றில தொடங்கின கோடு கதவில ஏறி, பின் சீற்றில போய் முடியும். எங்கையும் ஒரு நூலிழை விலகாது. கதவைப் பூட்டினால் கோடு கோட்டோட போய் ஒட்டவேணும். ஒட்டிச்சுது. பதினொரு வருசம் கொலர் முனையை முனையோட பொருத்தின கை, சும்மாவா?

பொஸ் கதவைத் திறந்து பூட்டி, திறந்து பூட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான், கண்காட்சியில காருக்கு முன்னால ஒரு போர்ட் வைக்கிறது, அதில பெயின்ட் ஆர், எஞ்சின் ஆர், உள் வேலை ஆர் எண்டு எல்லாற்ற பேரும் எழுதுறது, உன்ட பேரும் வரும் எண்டு. அந்தப் போர்ட்டைப் பார்த்துத்தான் கார்க்காரர் வேலை குடுக்க ஆளைத் தேடுவாங்களாம். "பேர் வந்தால் பிறகு நீ கதிரைக்கு ஆணி கழட்டத் தேவையில்லை. கார் சீற் உன்ட வேலை" எண்டான். அந்த ஒரு வசனத்தை வைச்சுக்கொண்டு நான் ஒரு மாசம் நித்திரை கொண்டன்.

என்ட மனிசனும் வாறன் எண்டு வெளிக்கிட்டார். அவர் டவுன்டவுனில ஒரு றெஸ்ரோரன்ட் குசினியில வேலை. குசினியில பழகின பிரெஞ்சு, எங்கட ஆக்களுக்குள்ள நல்ல பிரெஞ்சு எண்டு பேர். என்ட பிரெஞ்சு மெட்ரோவுக்கும் மூலைக்கடை டெப்பனருக்கும் காணும், அதுக்கு அங்கால இழுபடும். "நான் வந்தால் உமக்குக் கதைக்க உதவியாத்தானே இருக்கும்" எண்டார். எனக்கும் சந்தோசம்தான். வேலையில நான் தைச்ச ஒண்டையும் அந்த மனிசன் அதுவரைக்கும் பார்த்ததில்லை. நான் மட்டக்களப்பு, அவர் யாழ்ப்பாணம். கலியாணம் கட்டின நாளில இருந்து ஒரே பகிடி. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவனைப் பாயோட ஒட்டவைச்சுப்போடுவினமாம். "இப்ப வெள்ளையனைச் சீற்றோட ஒட்டப்போறீர் போல" எண்டு சிரிச்சுக்கொண்டு ரை கட்டினார்.

ஓம், ரை. கோட், ரை, மினுக்கின சப்பாத்து. நான் காஞ்சிபுரம் சீலை. பேர் வாற இடம், பரிசு குடுக்கிற இடம், மேடையிருக்கிற இடம் எண்டால் எங்கட மண்டைக்குக் கலியாண வீடுதான். சீலைக்குமேல குளிர் ஜக்கெற்றைப் போட்டு, காலில சப்பாத்து, பையுக்குள்ள செருப்பு. மெட்ரோவில இறங்கி மண்டபத்துக்குள்ள போனால், கண்டறியாத கோலம்! கழுத்து முழுக்கப் பச்சை குத்தின ஆம்பிளையள், எண்ணெய் வைச்சு மேல சீவின தலை, புள்ளிச் சட்டை போட்ட பொம்பிளையள், அந்தக் காலத்துக் கிற்றார்ப் பாட்டு காது கிழிய. ஒரு பெட்டை ஓடி வந்து என்னை ஒரு மஞ்சள் காருக்குப் பக்கத்தில நிப்பாட்டிப் படம் எடுத்தாள். நானும் கண்காட்சியில ஒரு ஐற்றம் எண்டு நினைச்சாள் போல.

கார்கள் எண்டால் கார்கள். நூற்றுக்கணக்கில. பக்கத்தில நெருப்புக் கீறின கார், எஞ்சின் வெளியில தெரியிற கார், வயித்தைக் காட்ட அடியில கண்ணாடி வைச்ச கார். என்ட மனிசன் ஒவ்வொண்டையும் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

"இஞ்சேரும், இதின்ர கூரை ஏன் நசிஞ்சு போய்க் கிடக்கு? அக்சிடென்ற்பட்டதோ?"

"வேணுமெண்டு வெட்டிப் பதிக்கிறதாம்."

"விசரன்கள். இந்தக் கார்களைத்தான் ஊரில சண்டை நேரம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெய் விட்டு ஓடினனாங்கள். இஞ்ச கயிறு கட்டிக் காட்சிக்கு வைச்சிருக்கிறாங்கள்."

நான் அவரை இழுத்துக்கொண்டு போனன். எனக்கு ஒரே ஒரு கார்தான் பார்க்கவேணும்.

கண்டுபிடிச்சம். சிவப்புக் கார், வெள்ளை வளையம் போட்ட ரயர், கதவுகளைத் திறந்து வைச்சிருக்கு. லைற் அடிச்சு என்ட சீற் மினுங்குது. சனம் குனிஞ்சு குனிஞ்சு உள்ளுக்கைதான் பார்க்குது. எஞ்சினை ஒருத்தரும் பார்க்கேல்லை. நெஞ்சு நிறைஞ்சு போச்சுது எனக்கு. பிறகு போர்ட்டைப் பார்த்தன். பெயின்ட் எண்டு போட்டு ஒரு பேர். எஞ்சின் எண்டு போட்டு ஒரு பேர். உள் வேலை எண்டு போட்டுக் கடையின்ட பேர்.

நான் திருப்பி வாசிச்சன். பிறகு போர்ட்டின்ட பின்பக்கத்தையும் பார்த்தன், அங்கயாவது கிடக்குமோ எண்டு. பாருங்கோ என்ட மடைத்தனத்தை.

பொஸ் கையில பியரோட வந்தான். "என்ட பேர் எங்க?" எண்டன். அவன் வண்டி வயித்தைத் தடவிக்கொண்டு சிரிச்சான். பேர் நீளமாம். போர்ட் அடிக்கிறவன் எழுத்தை எண்ணிப்போட்டு ஒரு வரிக்குள்ள கொள்ளாது எண்டவனாம். சின்ன எழுத்தில போட்டால் வடிவில்லையாம். என்ட மனிசன் பக்கத்தில நிண்டு இதை எனக்குத் தமிழில சொன்னார். சொல்லிப்போட்டு, "அதுவும் உண்மைதானே, உம்மட பேர் கொஞ்சம் நீளம்தான்" எண்டு தன்ட பங்குக்கும் ஒண்டு போட்டார்.

நீளமாம்! அந்தப் பேர் என்ட அப்பா வைச்ச பேர். பள்ளிக்கூடத்தில, கிராமசேவகரிட்ட, பாஸ்போட்டில, இந்த நாட்டு இமிக்கிரேசனில எல்லா இடத்திலயும் கொண்ட பேர், இவன்ட கார்ப் போர்ட்டில கொள்ளேல்லையாம். குளிர்காலம் முழுக்க நான் தள்ளின பஞ்சு அந்தக் காருக்குள்ள கொண்டிச்சுதுதானே! அப்ப ஆரும் நீளம் பார்க்கேல்லை. எனக்குக் காதடி சுட்டது. அந்தப் போர்ட்டைத் தூக்கி அவன்ட வண்டியில அடிக்கவேணும் போல இருந்தது. பொஸ் என்ட முகத்தைப் பார்த்துப்போட்டு, "கொஞ்சத்தில நடுவர் வருவார். சீற் ஆர் தைச்சது எண்டு கேட்பார். நீயே சொல்லு. பரிசு குடுக்கேக்க மைக்கில பேர் சொல்லுவினம், மைக்குக்கு நீளம் கிடையாது" எண்டான். சொல்லிப்போட்டு ஆரோ கூப்பிட அங்கால போட்டான்.

சரி, மைக். போர்ட் போனால் போகட்டும், மைக்கில வரட்டும் எண்டு மனசைப் பிடிச்சுக்கொண்டு காருக்குப் பக்கத்தில நிண்டன். பசியும் தெரியேல்லை. அவருக்கும் கால் உளைஞ்சிருக்கும், ஆனால் நிண்டார்.

நடுவர் வந்தார். வெள்ளை மீசை, கழுத்தில அட்டை, கையில எழுதுற தட்டு. ரோச் அடிச்சு உள்ளுக்கைப் பார்த்தார். கதவைப் பூட்டினார், திறந்தார். கோட்டைக் கோட்டோட பார்த்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, சீலையையும் பார்த்து, கேட்டார்: "செ வூ, மடாம்?" நீங்களா செய்தது எண்டு.

எங்கட ஓமுக்கு இஞ்ச வுய் எண்டு சொல்லத் தெரியும் எனக்கு. இந்த நாட்டில பால் வாங்கப் போன முதல் நாளிலயே வுய் பழகினனான். ஆனால் அந்த நேரத்தில வாயில இருந்து வரேல்லை, வயித்துக்குள்ள இருந்து வந்தது.

"ஓம்! ஓம், ஓம்!" எண்டன். தலையையும் நல்லா ஆட்டினன், எங்கட ஆட்டு, அங்கால இஞ்சாலை.

அவர் புருவத்தைத் தூக்கினார். "ஓம்?" எண்டார்.

வெள்ளைக்காரன் ஓம் எண்டு திருப்பிச் சொல்லுறான், என்ன நல்ல மனிசனடா எண்டு எனக்குப் புழுகம் தாங்கேல்லை. "ஓம் ஓம்!" எண்டு இன்னும் பலமாச் சொன்னன். அவர் "ஆ!" எண்டு தலையாட்டி, என்ட மனிசனுக்குக் கையை நீட்டினார். இவர் குடுத்தார். அவர் ஏதோ கேட்டார், இவர் "வுய், வுய்" எண்டார். பேரைக் கேட்கிறார் எண்டு எனக்கு விளங்கினது. என்ட பேரைச் சொல்லுறதுக்கு இவர்தானே வந்தவர், சொல்லட்டும் எண்டு நான் சீலைத் தலைப்பைச் சரி பண்ணினன். நடுவர் எழுதினார். சின்னதா எழுதினார். அப்பவாவது எனக்கு விளங்கியிருக்கவேணும், நீளப் பேரை இவ்வளவு கெதியா எழுதேலுமோ எண்டு. விளங்கேல்லை.

அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் நான் இருந்த சந்தோசத்தை நினைச்சால் இப்பவும் எனக்கு என்னில எரிச்சல் வரும். உருளைக்கிழங்குப் பொரியலுக்குமேல சீஸும் குழம்பும் ஊத்தித் தருவாங்களே, அதை வாங்கி ரெண்டுபேரும் ஒரு கோப்பையில சாப்பிட்டம். இவர் வழமைக்கு மாறா அமைதியா இருந்தார். கால் உளைவு எண்டு நினைச்சன்.

மேடையில பரிசு குடுக்கத் தொடங்கினாங்கள். பெயின்ட்டுக்கு, எஞ்சினுக்கு. பிறகு உள் வேலைக்கு. எங்கட காரின்ட நம்பரைச் சொன்னாங்கள். நான் கையைப் பொத்திக்கொண்டு எழும்பிட்டன். மைக்கில "முசியு" எண்டு கேட்டது. முசியு, மிஸ்டர் எண்டு சொல்லி, என்ட மனிசன்ட பேர். ரெண்டெழுத்தாக் குறுக்கின பேர், குசினியில அவரைக் கூப்பிடுற பேர். சனம் கை தட்டுது. பொஸ் விசில் அடிக்கிறான், அவனுக்கு ஆற்ற பேர் எண்டாலும் காருக்குத்தானே பரிசு.

நான் மனிசனைப் பார்த்தன். அவர் ரையைச் சரி பண்ணினார். "போய் வாங்கிக்கொண்டு ஓடியாறன்" எண்டுபோட்டு மேடைக்குப் போனார். போனார்! கை குலுக்கினார். மரக் கேடயத்தை நெஞ்சில பிடிச்சுக்கொண்டு படத்துக்கு நிண்டார். மைக்கில நிண்டவன் ஏதோ சொல்ல, அதில ஒரு சொல் என்ட காதில ஏறிச்சுது. ஓம். தங்கக் கை படைச்ச ஒரு ஓம் எண்டுமாதிரி.

எனக்கு அப்பதான் மண்டையில விழுந்தது. காலமை மண்டபத்துக்குள்ள வந்த உடன தேடின கக்கூஸ் கதவில அந்தச் சொல்லைப் பார்த்தனான். பதினஞ்சு வருசமா எல்லாக் கதவிலயும் பார்க்கிற சொல்லுத்தான். நான் அதை மனசுக்குள்ள ஹொம்மெஸ், ஹொம்மெஸ் எண்டு இங்கிலிசு எழுத்தாத்தான் வாசிக்கிறனான். அதை வாயால சொன்னால் ஓம் எண்டு வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? ஆம்பிளை! நீயா தைச்சது எண்டு கேட்டதுக்கு, ஆம்பிளை, ஆம்பிளை, ஆம்பிளை எண்டு நானே என்ட வாயால கத்தியிருக்கிறன். பக்கத்தில கோட்டும் ரையுமா ஒரு ஆம்பிளை நிக்குது. பிறகென்ன?

நடுவரை ஏசி என்ன? அந்த மனிசனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ட மனிசனுக்கு ரெண்டும் தெரியும்.

நான் திரும்பிக் காரடிக்கு வந்திட்டன். இவர் கேடயத்தோட பின்னால வந்தார். "இந்தாரும், உம்மடதான்" எண்டு நீட்டினார்.

"உங்களுக்கு விளங்கினதா இல்லையா?" எண்டன்.

"என்ன?"

"அவன் ஆம்பிளை எண்டு விளங்கிக்கொண்டது உங்களுக்கு விளங்கினதா இல்லையா?"

ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிச்சார். முதல் கேட்டபோது, உம்மட ஆம்பிளையோ எண்டு கேட்கிறார், புருசனோ எண்டு கேட்கிறார் எண்டு நினைச்சு வுய் சொன்னவராம். பேந்துதான் விளங்கினதாம். அதுக்குள்ள நடுவர் பேர் கேட்டுட்டாராம். "உம்மட பேரைச் சொன்னால் அவை எழுத்துக் கேட்டு, திருப்பிக் கேட்டு, கரைச்சல். அதுதான் என்ர பேரைக் குடுத்தன். ஆற்ற பேர் எண்டால் என்ன? வீட்டுக்குத்தானே வருது."

ஆற்ற பேர் எண்டால் என்ன! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு சேர்ட்டுத் தெறி தைச்சிருப்பாரா? தெறி கழண்டால் ஊசியைத் தேடாமல் என்னைத் தேடுற மனிசன். பொஸ் என்ட பேரை வெட்டினான், சரி, அவன் ஆரோ. இவர் என்ட பேரைத் தெரியாமலா வெட்டினவர்? எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது துக்க அழுகை இல்லை. பத்திக்கொண்டு வந்தது. அந்தக் கேடயத்தை நான் கையால தொடேல்லை.

"இப்பவே போய்ச் சொல்லுங்கோ. மைக்கில திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ."

"விசரே உமக்கு? ஆக்கள் பார்க்கினம். வீட்டை போய்க் கதைப்பம்."

அந்த நேரம் பார்த்து ஒரு தாடிக்காரன் வந்தான். நெடுவல், கை முழுக்கப் பச்சை. தன்னட்டையும் ஒரு பழைய கார் இருக்கு, சீற் தைக்க ஆள் தேடி ஒரு வருசமா அலையிறன் எண்டு சொல்லுறான். ஆரிட்டைச் சொல்லுறான்? என்ட மனிசனிட்டை. நான் பக்கத்தில நிக்கிறன், அவன்ட கண் என்னைத் தாண்டிப் போகுது. பொஸ் சொன்னது சரிதான். பேர் வந்த ஆளைத் தேடி வேலை வருகுது. என்ட மனிசன் மறுக்கேல்லை. "வுய், வுய்" எண்டு தன்ட பேரையும் வீட்டு ரெலிபோன் நம்பரையும் சொல்லுறார்! பிறகு தாடிக்காரன் கார்க் கதவுக்குள்ள கையைக் காட்டி ஏதோ கேட்டான். இவர் என்ட பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி:

"இஞ்சேரும், அந்த மூலையில தையல் முடியிற இடத்தில முடிச்சைக் காணேல்லையாம். என்னண்டு செய்தனீர் எண்டு சொல்லும், நான் சொல்லிவிடுறன்."

இவர் இதை என்னட்டையே கேட்கிறார். நான் சொல்லுவன், இவர் தன்ட வாயால சொல்லுவார், பிறகு நான் வீட்டில இருந்து தைப்பன், இவர் கை குலுக்குவார். எனக்கு அந்த வாழ்க்கை முழுக்க அப்பிடியே முன்னால தெரிஞ்சுது. இவ்வளவு காலம் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லித்தான் வந்தனான். அண்டைக்கு ஏலாமல் போச்சுது.

நான் கைப்பையைத் திறந்தன். கார் வாற வழியில எங்கையும் தையல் விட்டால் பிடிச்சுப்போட எண்டு பொஸ் கொண்டுவரச் சொன்ன வளைஞ்ச ஊசியும் மெழுகு நூலும் உள்ளுக்க கிடந்தது. எடுத்து மனிசன்ட கையில வைச்சன்.

"தைச்சுக் காட்டுங்கோ" எண்டன்.

"என்னப்பா நீர்..."

"தைச்ச ஆம்பிளை நீங்கள்தானே? மைக்கில சொன்னவங்கள்தானே? அவன் கேட்கிறான். காட்டுங்கோ!"

குரல் கூடிட்டுது. புள்ளிச் சட்டைப் பொம்பிளையள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாளவை. பொஸ்ஸும் கிட்ட வந்தான். மனிசன் தாடிக்காரனைப் பார்த்து ஒரு இளிப்பு இளிச்சுப்போட்டு, நூலைக் கோர்க்கப் பார்த்தார். அந்த ஊசியின்ட காது எங்க இருக்கெண்டே தெரியேல்லை அவருக்கு. கூர்ப் பக்கத்தில நூலைக் குத்துறார். ஒருக்கா, ரெண்டுதரம். நெத்தியில வேர்வை. மூண்டாந்தரம் விரலில குத்தி "ஆ" எண்டார். தாடிக்காரன்ட சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிச்சுது.

நான் ஊசியைப் பறிச்சன். கோர்த்தன். காரைத் தொடக்கூடாது, கயிறு கட்டிக் கிடக்கு. எனக்கென்ன, தைக்கிறதுக்குக் கோட் இருக்கு. மனிசன்ட கோட்டுக் கையை இழுத்துப் பிடிச்சு, மணிக்கட்டில கோட்டையும் உள்ளுக்குக் கிடந்த சேர்ட்டையும் சேர்த்து மடிச்சு, சுத்திவரத் தைச்சன். நூல் வெளியில தெரியாத தையல். கடைசியில முடிச்சை உள்ளுக்கு இழுத்து விழுங்கப்பண்ணினன். பிறகு அந்தக் கையைத் தூக்கித் தாடிக்காரனுக்குக் காட்டினன், முடிச்சைத் தேடு பார்ப்பம் எண்டு.

தேடினான். காணேல்லை.

"பா ஓம்" எண்டன். ஆம்பிளை இல்லை. என்ட நெஞ்சில விரலால குத்திக் காட்டினன். "ஃபாம். முவா." பொம்பிளை. நான்.

அந்த நாலு சொல்லையும் நான் கத்தினனான். வெக்கம் ஒண்டும் வரேல்லை. தாடிக்காரன் என்ட மனிசனைப் பார்த்தான், பொஸ்ஸைப் பார்த்தான். பொஸ் தலையைச் சொறிஞ்சுகொண்டு "வுய், செ தெல்" எண்டான், அவள்தான் எண்டு. அதை அந்த நாய் காலமையே நடுவரிட்டைச் சொல்லியிருக்கலாம். தாடிக்காரன் சட்டைப் பையில இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, அதில இவர் சொல்லி எழுதின பேரை வெட்டினான். பேனையை என்னட்டை நீட்டினான். நான் வாங்கி என்ட பேரை எழுதினன், முழுப் பேர், ஒரு எழுத்தும் விடாமல். ஒரு வரியில கொள்ளேல்லைத்தான். அடுத்த வரியில எழுதினன்.

நடுவரிட்டைப் பொஸ் போய்ச் சொன்னவனாம். நடுவர் சிரிச்சுப்போட்டு, பரிசு காருக்குத்தானே எண்டவராம். மைக்கில ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லை. கேடயத்தைப் பொஸ் கொண்டுபோய்க் கடைச் சுவரில அடிச்சு வைச்சான். அதில ஆற்ற பேரும் இல்லை, சிவப்பு எழுத்தில காரின்ட நம்பர் மட்டும் கிடக்கு. போர்ட்டும் மைக்கும் போனது போனதுதான். கோவம் எனக்கு ஆறேல்லை. இண்டைக்கும் ஆறேல்லை.

திரும்பி வரேக்க மெட்ரோவில இவர், "ஆக்களுக்கு முன்னால என்னை அவமானப்படுத்திப்போட்டீர்" எண்டார். நான் யன்னலுக்கு அங்கால இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தன். வீட்டை வந்து கோட்டைக் கழட்டேலாமல் நிண்டார். கத்திரிக்கோலைக் கேட்டார். "தையல்காரருக்குப் பிரிக்கவும் தெரிஞ்சிருக்கவேணும்" எண்டுபோட்டுப் படுக்கப் போட்டன். நாலு நாள் கதையில்லை. சோறு மட்டும் மேசையில வைச்சன்.

அஞ்சாம் நாள் பின்னேரம் ரெலிபோன் அடிச்சது. நான் குசினியில. இவர்தான் எடுத்தார். "வுய்" எண்டார். ரிசீவருக்குள்ள இருந்து தாடிக்காரன்ட குரல் எனக்கும் கேட்டது. கொப்பியைப் பார்த்து என்ட பேரை வாசிக்கிறான், பாதியில முறியுது, திருப்பித் தொடங்குறான், திரும்பவும் முறியுது.

என்ட மனிசன் அவனுக்கு அதைத் திருத்திச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தா, மெதுவா, முழுக்க. பதினேழு வருசத்தில "இஞ்சேரும்" எண்டதைத் தவிர அந்த மனிசன் என்னை வேற ஒண்டும் கூப்பிட்டதில்லை. அவற்ற வாயில என்ட பேர் எப்பிடிக் கேட்கும் எண்டே எனக்குத் தெரியாது.

பிறகு ரிசீவரைக் கையால பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்குக் கையில வேலை ஒண்டும் இல்லை. அடுப்பும் நூத்துத்தான் இருந்தது. ஆனாலும் நான் அசையேல்லை. இன்னொருக்காக் கூப்பிடட்டும் எண்டு நிண்டன்.